கஞ்சமலைக்கு வலப்பக்கம்

மல்லசமுத்திரம்
1936, தை 20

மாப்ள சண்முகவேலுக்கு மச்சான் சென்னிமலை எழுதற கடுதாசி.

இங்க நானு, உங்க அத்தை, அங்கம்மா, பசங்க, எருமை எல்லாரும் சொகம். எருமைக்கு மட்டும் பின்னங்காலு சித்த நொண்டுது. உங்க சொகத்துக்கு எழுதுங்க. மலை மேல குளிரு எச்சுன்னு சொல்றாங்க. கம்பளி இருக்குதா, இல்ல குடுத்து உடட்டுமா?

எந் தங்கச்சி வசந்தாமணி காரியம் முடிஞ்ச மறுநாளே பொட்டியத் தூக்கிட்டுப் போனீங்க. சர்வே ஆபீசுலதான் இருக்கறீங்கன்னு நானும் நெனச்சுட்டு இருந்தேன். சேலத்துக்குப் பருத்தி ஏத்திட்டுப் போனப்ப விசாரிச்சாத்தான் தெரியுது, ஏற்காட்டுல காப்பித் தோட்டத்துத் துரைகிட்டச் சேந்துட்டீங்கன்னு. அந்தத் துரை பீரங்கியாட்டம் ஒரு குழாய் வெச்சிருக்கறாராம், ராத்திரியானா நீங்க ரெண்டு பேரும் அதுல நட்சத்திரம் பாக்கறீங்களாம்.

ஊர்ல கேட்டாங்க, மாப்ளைக்கு என்ன உத்தியோகம்னு. நட்சத்திரம் எண்ணறாருன்னு சொல்லிப்போட்டேன். பக்கத்துத் தோட்டத்துக் கருப்பண்ணன் இருக்கறானே, அவன் சிரிச்சுப்போட்டு, "எண்ணி முடிச்சா மூட்டைக்கு எத்தனை புடிக்குதுன்னு கேட்டுச் சொல்லப்பா"ங்கறான். அவனுக்கு என்ன பதில் சொல்றதுன்னு நீங்களே எழுதுங்க.

உங்க மக நல்லாருக்கறா. அங்கம்மாதான் பால் குடுக்கறா. எங்க கடைக்குட்டி பங்குல பாதி உங்க மகளுக்கு. பாதின்னுதான் பேச்சு. எங்க பையன் இளைச்சுப் போனான், உங்க மக உப்பிட்டா. அழுதான்னா மாரியம்மன் கோயில் வரைக்கும் கேக்குது.

பேருதான் இன்னும் வெக்கலை. அப்பன் வந்து காதுல மூணு தரம் சொன்னாத்தானே நம்ம வழக்கத்துல பேரு? அதுவரைக்கும் அம்மணின்னு கூப்பிடறோம். ஊர்ல பாதிப் பொம்பளைங்க அம்மணிதான். ஊட்டு வாசல்ல நின்னு கூப்பிட்டா வீதியில நாலு பேரு என்னங்கறாங்க.

எப்ப வாரீங்க?

இப்படிக்கு,
சென்னிமலை


ஏற்காடு
தை 28

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, சண்முகவேல் வணக்கம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். அத்தையின் நலமும், அங்கம்மா அக்காவின் நலமும், எருமையின் கால் நலமும் அறிய விருப்பம். கம்பளி இருக்கிறது.

நான் நட்சத்திரங்களை எண்ணவில்லை. துரையின் விருப்பம் அவற்றின் தூரத்தை அளப்பது. சர்வேயில் சங்கிலி போட்டு அளப்போம். ஆறு குறுக்கே இருந்தால் சங்கிலி போகாது. அப்போது இக்கரையிலேயே இரண்டு இடத்தில் நின்று அக்கரை மரத்தைப் பார்த்து, இரண்டு கோணம் எடுத்து, கணக்கில் தூரத்தைக் காண்போம். வானத்துக்கும் இதுவே முறை.

தாங்கள் அங்கேயே சோதித்துப் பார்க்கலாம். கட்டை விரலை முகத்துக்கு எதிரே நீட்டி, ஒரு கண்ணை மூடி, தூரத்து மரம் ஒன்றோடு சேர்த்துப் பாருங்கள். பிறகு அந்தக் கண்ணைத் திறந்து மறு கண்ணை மூடுங்கள். விரல் மரத்தை விட்டு விலகித் தெரியும். விரல் கிட்டே இருந்தால் அதிகம் விலகும், எட்ட இருந்தால் குறைவாக விலகும். எவ்வளவு விலகுகிறது என்பதிலேயே தூரம் இருக்கிறது. ஒரே இடத்தில் நின்று ஒரே கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் எது கிட்டம், எது தூரம் என்று சொல்ல முடியாது.

கருப்பண்ணனிடம் இதைச் சொல்லலாம்.

பனி அதிகம். வேறு விசேஷம் இல்லை.

தங்கள்,
சண்முகவேல்


மல்லசமுத்திரம்
மாசி 10

மாப்ளைக்குச் சென்னிமலை எழுதறது. எல்லாரும் சொகம். எருமைக்குக் கால் தேவலை. மானந்தான் போச்சு, எருமைக்கல்ல, எனக்கு.

உங்க கடுதாசியப் படிச்சுப்போட்டு, சரி, நம்ம மாப்ள சொல்றதச் செஞ்சுதான் பாப்பமேன்னு கெணத்து மேட்டுல நின்னேன். கருப்பண்ணன் தோட்டத்துல ஒத்தைப் பனை நிக்குதே, அதுக்கு நேரா கட்டை விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடுனேன். அப்பறம் இந்தக் கண்ணு. அப்பறம் அந்தக் கண்ணு. அடடா, வெரலு தாவுது மாப்ள! பனைக்கு இக்கட்டயும் அக்கட்டயும் தாவுது. எனக்கு நெம்பக் குஷியாயிருச்சு, மாத்தி மாத்தி மூடிட்டே இருந்தேன்.

பனைக்கு அடியில கருப்பண்ணன் மருமக சின்னாயி தண்ணி எறைச்சுட்டு இருந்ததை நான் பாக்கலை. நான் பனையப் பாத்தேன், அவ என்னையப் பாத்தா. கொடத்தைப் போட்டுட்டு ஓடிட்டா.

சித்த நேரத்துல கருப்பண்ணன் தடியோட வந்துட்டான். "ஏண்டா சென்னிமலை, எம் மருமகளைப் பாத்துக் கண்ணடிக்கறயாமா?"

"பனையப் பாத்தேனப்பா."

"பனையப் பாத்து எவன்டா கண்ணடிப்பான்? அதுவும் ரெண்டு கண்ணுலயும் மாத்தி மாத்தி! கைக் கட்டை விரலை ஆட்டிக் காட்டுனயாமே, அது என்னடா?"

"எங்க மாப்ள எழுதியிருந்தாரு, தூரம் அளக்கறதுக்கு."

"எம் மருமக எத்தனை தூரத்துல இருக்கறான்னு உனக்கெதுக்குடா?"

மாரியம்மன் கோயில்ல பஞ்சாயத்துக் கூடிப்போச்சு. ஊர்ப்பெரியவர் குமாரசாமி நடுவுல உக்காந்தாரு. நான் உங்க கடுதாசியச் சத்தமாப் படிச்சேன். அஞ்சு பெருசுகளும் கட்டை விரலை நீட்டிட்டு, கோயில் மணியப் பாத்து மாத்தி மாத்திக் கண்ணடிக்கறாங்க. எதுத்த வாசல்ல நின்ன பொம்பளைங்க முந்தானைய வாயில அடைச்சுட்டு உள்ள ஓடறாங்க. "ஆமாப்பா, நகருதே", "எனக்கும் நகருது"ன்னு நாலு பேரு சொல்லிட்டாங்க. குமாரசாமி மட்டும், "எனக்கு நகரலையே. இவன் பொய் சொல்றான்"னுட்டாரு.

அவருக்கு எடது கண்ணு புரை விழுந்து மூணு வருசமாச்சு. அதை ஆரு சொல்றது? தலைவருக்கு நகராததுனால நான் குத்தவாளி. வர்ற வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்குப் பொங்கல் வெக்கோணும்.

ஊட்டுல அங்கம்மா, "எனக்குக் கண்ணாலமாகிப் பத்து வருசத்துல என்னையப் பாத்து ஒருக்காக் கண்ணடிச்சதுண்டா? பனைமரத்துக்கு அடிக்கறாராம்"னு சட்டிய உருட்டிட்டு இருக்கறா.

மாப்ள, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்க கடுதாசி சர்க்கார் நோட்டீசாட்டம் இருக்குது. எருமை காலைக் கேட்டீங்க. அம்மணியக் கேக்கலை. மறந்திருப்பீங்க. குப்புற விழப் பாக்கறா. பாதி திரும்பிட்டு மீதிக்கு நம்மளைக் கூப்புடறா.

சென்னிமலை


ஏற்காடு
மாசி 22

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு வணக்கம். அனைவரும் நலமென்று அறிந்தேன். நானும் நலம்.

பஞ்சாயத்து விஷயம் வருத்தம் தருகிறது. ஊர்ப்பெரியவர் சொன்னதில் பொய் இல்லை. ஒற்றைக் கண்ணுக்கு விரல் நகராது. சின்னாயியிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்கவும். கேட்கும்போது இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருப்பது நல்லது.

நட்சத்திரத்துக்கு நம் இரண்டு கண்ணின் இடைவெளி போதாது. சேலத்திலிருந்தும் சென்னைப் பட்டணத்திலிருந்தும் பார்த்தாலும் போதாது. ஆனால் பூமி சூரியனைச் சுற்றுகிறது. தை மாதம் சூரியனுக்கு ஒரு பக்கம் இருந்தால், ஆடி மாதம் மறுபக்கம் இருப்போம். அதனால் தையில் ஒரு தரம், ஆடியில் ஒரு தரம் அதே நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். கிட்டத்து நட்சத்திரம் என்றால், பின்னாலுள்ள மற்ற நட்சத்திரங்களை விட்டு ஒரு நூலிழை விலகித் தெரியும். வானத்தில் மைல் கட்டுப்படி ஆகாது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரமே அங்கே முழக்கோல்.

அந்த ஒரு முழக்கோலுக்கு விலகல் எவ்வளவு என்றால், ஒரு காலணாக் காசை மூன்றேகால் மைல் தள்ளி நிறுத்திப் பார்த்தால் அதன் அகலம் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு. அத்தனை கூட எந்த நட்சத்திரமும் விலகுவதில்லை. மிகக் கிட்டத்தில் உள்ளதே அதில் முக்கால் பங்குதான். வெளிநாட்டில் பெரிய கூடங்களில் படம் பிடித்து அளக்கிறார்கள். துரையின் குழாய்க்கு அது பிடிபடாது. அவரிடம் சொன்னேன். முயற்சி செய்வோம் என்கிறார். விடியற்காலையில் தெற்கே தாழ எழும்புகிற அந்த நட்சத்திரத்தைத் தையில் பார்த்து வைத்திருக்கிறோம்.

அதன் வெளிச்சம் இங்கே வந்து சேர நாலேகால் வருஷம் ஆகிறது. இன்று நாம் பார்ப்பது பழைய வெளிச்சம். அதுபோல அங்கிருந்து ஒருவன் இன்று மல்லசமுத்திரத்தைப் பார்த்தால், நாலு வருஷத்துக்கு முந்தைய மல்லசமுத்திரம் தெரியும். அங்கே எல்லோரும் இருப்பார்கள்.

குளிர் குறைந்திருக்கிறது.

தங்கள்,
சண்முகவேல்


மல்லசமுத்திரம்
பங்குனி 2

மாப்ளைக்கு, சென்னிமலை. சொகம், சொகத்துக்கு எழுதவும்.

மூணேகால் மைல்ல காலணா வெக்கறதைப் பத்திக் கருப்பண்ணங்கிட்டச் சொன்னேன். "நம்மூர்ல மூணடி தள்ளி வெச்சாலே காணாமப் போயிரும், அப்பறம் எங்கிருந்து பாக்கறது?"ன்னான். அவனும் நானும் இப்பப் பேசிக்கறோம். பொங்கல் சோத்துல அவனுக்கு முந்திரி நெறையாப் போட்டேன்.

உங்க கடுதாசிய ஊட்டுல படிச்சேன். "அங்கே எல்லோரும் இருப்பார்கள்"னு எழுதியிருந்தீங்களே, அதை மட்டும் அம்மா திருப்பிப் படிக்கச் சொன்னாங்க. படிச்சேன். "அங்கிருந்து பாத்தா பேத்தி தெரிய மாட்டாளேடா"ன்னாங்க.

நான் இதை எழுதோணும்னு நெனைக்கலை. கை எழுதிப்போடுச்சு.

ஆவணியில அம்மணிக்கு ஒம்பதாம் மாசம். காது குத்தி, அன்னிக்கே பேரும் வெச்சரலாம்னு இருக்கறோம். நான் தாய்மாமன், எம் மடி இருக்குது. அதுல சந்தேகமில்லை. ஆனா பேரு சொல்ல அப்பன் வாய்க்கு நான் எங்க போவேன்? நீங்க வரலைன்னா காதுல ஓட்டை இருக்கும், அதுல சொல்லப் பேரு இருக்காது.

தைக்கு ஆடி மறுபக்கம்னு நீங்கதான் எழுதுனீங்க. ஆடி தாண்டித்தான் ஆவணி.

சென்னிமலை


மல்லசமுத்திரம்
சித்திரை 5

மாப்ளைக்கு. கார்டுதான் எழுதறேன், தபால்காரனும் படிச்சுக்கட்டும். ஒரு மாசமாப் பதிலில்லை. சொகந்தானா? நான் எழுதுனது தப்புன்னா ரெண்டு வார்த்தை திட்டியாவது எழுதுங்க.

அங்கம்மா ஒண்ணு கேக்கச் சொன்னா. துரை குழாயில நட்சத்திரம் தெரியுதே, நம்ம ஊடு தெரியுதா? தெரிஞ்சா, கூரைக்கு ஓலை மாத்தாம இருக்கறதும் தெரியுமா? அவளுக்கு அதுதான் வெக்கமா இருக்குதாம்.

சென்னிமலை


ஏற்காடு
சித்திரை 20

மச்சானுக்கு வணக்கம். நலம். திட்ட ஒன்றுமில்லை.

வீடு தெரியவில்லை என்று அக்காவிடம் சொல்லவும். ஊர் தெரிகிறது. துரையின் குழாயில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். நட்சத்திரத்துக்குத் தலை கால் கிடையாது, அதனால் யாரும் அதைச் சரி செய்வதில்லை. காலையில் வெயில் ஏறுமுன் பார்த்தால் கோயில் கோபுரம் மேலிருந்து கீழே தொங்குகிறது. அதற்குப் பக்கத்தில் பனைகள் தலைகீழாக நிற்கின்றன. அவற்றில் கருப்பண்ணன் பனை எதுவென்று தெரியவில்லை. வீடுகள் எல்லாம் ஒரே புகையாக இருக்கின்றன. எது நம்முடையது என்று அரைமணி நேரம் தேடினேன். பிறகு தினமும் தேடினேன்.

இங்கிருந்து நேர்க்கோட்டில் இருபத்துமூன்று மைல் இருக்கும் என்று மேப்பில் பார்த்தால் தெரிகிறது. சரியாக அளக்க வேண்டுமென்றால் அந்தப் பக்கம் ஒரு அடையாளம் வேண்டும். சர்வேயில் அதற்கு முகம் பார்க்கிற கண்ணாடி வைப்போம். காலை வெயிலைக் கண்ணாடியில் வாங்கி மலைக்குத் திருப்பினால், இங்கே பட்டப்பகலில் நட்சத்திரம் போல மினுங்கும். அதை இங்கே இரண்டு பாறைகளிலிருந்து பார்த்துக் கோணம் எடுத்தால் தூரம் வந்துவிடும்.

தாங்கள் செய்ய வேண்டும் என்று எழுதவில்லை. சும்மா எழுதினேன்.

சண்முகவேல்


மல்லசமுத்திரம்
வைகாசி 3

மாப்ள, சொகம். நீங்க சும்மா எழுதுனா நாங்க சும்மா இருப்பமா?

நாசுவன் அங்கமுத்துகிட்டப் பெரிய கண்ணாடி இருக்குது. கெஞ்சிக் கேட்டு வாங்குனேன். மூணு நாளுக் காலையில கெணத்து மேட்டுல உக்காந்து வெயிலை வாங்கி மலைக்கு அடிச்சேன். அடின்னா அடி, கை ஓஞ்சு போச்சு. மொத நாளு வெளிச்சம் கருப்பண்ணன் காளை கண்ணுல பட்டு, அது ஏரைப் புடுங்கிட்டு ராசிபுரம் பாதையில ஓடிப்போச்சு. கருப்பண்ணன் ஓடிட்டே, "மொதல்ல மருமக, இப்பக் காளையா? அடுத்தது ஆருடா?"ங்கறான்.

மூணு நாளும் கண்ணாடி இல்லாம அங்கமுத்துவால சவரம் பண்ண முடியலை. ஊரே தாடியோட திரியுது. பாக்கறவங்க என்ன எழவுன்னு கேக்கறாங்க. நேத்து வந்து கண்ணாடியப் புடுங்கிட்டுப் போயிட்டான்.

தெரிஞ்சுதா இல்லியான்னு உடனே எழுதுங்க. இன்னொண்ணு. இளம்பிள்ளைச் சந்தையில ஒரு பேச்சு. கஞ்சமலையில ஆடு மேய்க்கறவங்க, மூணு நாளா கெழக்கால வெயில் ஏறுறப்ப கீழ மல்லசமுத்திரத்துப் பக்கம் ஜோதி தெரியுது, சித்தர்தான் சமவெளிக்கு எறங்கிட்டாருன்னு கற்பூரம் கொளுத்திக் கும்புட்டாங்களாம்.

எனக்கு அதுல இருந்து ஒரு சந்தேகம். ஏற்காடு எந்த மலை?

சென்னிமலை


ஏற்காடு
வைகாசி 9

மச்சானுக்கு வணக்கம்.

தெரியவில்லை. கஞ்சமலைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைங்க.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது துரை எதிரே இருந்தார். நான் எதற்குச் சிரிக்கிறேன் என்று கேட்டார். நான் இங்கே வந்த பிறகு என் சிரிப்பை அவர் முதல் தடவையாகப் பார்ப்பதாகச் சொன்னார்.

கெணத்து மேட்டில் வடக்கே பார்த்து நின்றால் எதிரே தெரிவது கஞ்சமலை. அதை விட்டு வலப்பக்கம் திரும்புங்கள். தூரத்தில் நீலமாக, நீளமாக, மேலே தட்டையாக ஒரு மலை. அதுதான் நான். இரண்டு குச்சி நடுங்கள். பின்குச்சியிலிருந்து பார்த்தால் முன்குச்சியின் நுனியும் மலை விளிம்பும் ஒன்றாகத் தெரிய வேண்டும். பின்குச்சி இருந்த இடத்தில் கண்ணாடியை வைத்து, வெளிச்சம் முன்குச்சியின் நுனியில் விழுகிற மாதிரி பிடித்தால் போதும். மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். வெயில் நகர நகரக் கண்ணாடியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். கையில் பிடிக்காமல் எதன் மேலாவது அசையாமல் வைக்கவும்.

வைகாசி பதினைந்து, பதினாறு, காலை எட்டு மணி. இரண்டு நாள் வேண்டும். முதல் நாள் ஒரு பாறையிலும் மறுநாள் மறு பாறையிலும் இருப்பேன்.

அங்கமுத்துவின் கண்ணாடியைக் கேட்க வேண்டாம். ஊர் சவரம் செய்துகொள்ளட்டும். வேறு கண்ணாடி இருந்தால் பாருங்கள்.

சண்முகவேல்


ஏற்காடு
வைகாசி 17

மச்சானுக்கு வணக்கம். உங்க கடுதாசிக்குக் காத்திருக்காம எழுதறேன்.

தெரிஞ்சுதுங்க! பதினைஞ்சாந் தேதி எட்டு மணிக்குச் சித்த முந்தியே, புகைக்கு நடுவுல ஒரு பொட்டு. வெடிச்ச மாதிரி. துரை தொப்பியக் கழட்டிட்டாரு. கோணம் எடுத்தேன், அஞ்சு தரம் எடுத்தும் ஒண்ணுபோல வந்துச்சு. இத்தனை நாள் தலைகீழாத் தொங்குன ஊர்ல, இன்ன எடம்னு ஒரு எடம் இருந்துச்சு.

நேத்து ரெண்டாம் பாறைக்குப் போனேன். அங்கதான் கோளாறு. பொட்டு நிக்கவே இல்லை. வருது, குழாய்க்குள்ள இருக்கற குறி நூலுக்கு நேராக் கொண்டு போறதுக்குள்ள அணையுது. திடீர்னு பெருசா அடிக்குது. பின்ன சித்த நேரம் ஒண்ணுமே இல்லை. மறுபடி ரெண்டு மினுக்கு. துரை, கீழ ஆரோ தந்தி அடிக்கறாங்கன்னு நெனச்சு எழுதிக்கிட்டே இருந்தாரு, படிச்சுப் பாத்தா ஒரு வார்த்தையும் தேறலை.

ஒரு பக்கத்துக் கோணம் மட்டும் இருந்தா தூரம் வராது. என்ன ஆச்சுங்க? குச்சி சாஞ்சுதா? மேகமா? கண்ணாடியக் கையில புடிச்சீங்களா? புடிச்சது ஆரு?

சண்முகவேல்


மல்லசமுத்திரம்
வைகாசி 22

மாப்ள, எல்லாரும் சொகம். உங்க கடுதாசி இந்தத் தரம் மனுசன் எழுதுனாப்பல இருந்துச்சு. அம்மா ரெண்டு தரம் கேட்டாங்க.

மொத நாளு ஆட்டாங்கல்லு மேல களிமண்ணை அப்பி, அதுல கண்ணாடியப் பதிச்சேன். கருப்பண்ணன் காளையக் கட்டித்தரையில கண்ணைக் கட்டி நிறுத்திட்டு, "ஆரும் குறுக்கே போவாதீங்க, சர்வே நடக்குது"ன்னு கூட்டத்தை வெரட்டுனான். குமாரசாமி வந்து ஒத்தைக் கண்ணுல மலையப் பாத்துப்போட்டு, "இது நேராத்தான் இருக்குது"ன்னு சர்டிபிகேட்டுக் குடுத்தாரு. அதனால உங்களுக்கு அசையாமத் தெரிஞ்சுது.

கண்ணாடி எதுன்னு நீங்க கேக்கலை, நானும் எழுதலை. வசந்தாமணியோடது. நாங்க சீர் குடுத்தமே, மரச்சட்டம் போட்டது. அவ பொட்டிய இத்தனை நாளா ஆரும் தொடலை. வேற கண்ணாடி பாருங்கன்னு நீங்க எழுதுனதைப் படிச்சதும் அம்மாவே போய்த் தொறந்து எடுத்துக் குடுத்தாங்க.

ரெண்டாம் நாளு அம்மணிக்குப் பல்லு மொளைக்கற வலி. விடிஞ்சதுலருந்து ஒரே கத்தல். அம்மா தூக்கிட்டு வந்து, "நீயே வெச்சுக்கடா உங்க மாப்ள மகளை"ன்னு எம் மடியில போட்டுட்டாங்க. ஒரு கையில அம்மணி, ஒரு கையில கண்ணாடி. திருப்பறப்ப அவ அதுக்குள்ள எட்டிப் பாத்தா மாப்ள. அழுகை டக்குன்னு நின்னுது. உத்துப் பாக்கறா. அவ மொகந்தான், ஆனா மூக்கும் நெத்தியும் ஆரோடதுன்னு உங்களுக்குத் தெரியும். அம்மா அக்கட்டத் திரும்பிட்டாங்க.

அப்பறம் ஆரம்பிச்சா. ரெண்டு கையாலயும் அடிச்சா, நக்குனா, சட்டத்தைக் கடிச்சா, கடைசியாப் புடுங்கியே போட்டா. "அம்மணி, கஞ்சமலைக்கு வலப்பக்கம், வலப்பக்கம்!"னு நான் கத்தறேன். அவ சூரியனை வாரி ஊரு பூராவும் எறைக்கறா. கோயில் மணி மேல, எருமை முதுகு மேல, கருப்பண்ணன் மூஞ்சியில. அவன், "கொழந்தையும் கண்ணடிக்கப் பழகிருச்சு, மாமன் வளர்ப்பு!"ங்கறான். சின்னாயி கொடத்தை வெச்சுட்டு உளுந்து உளுந்து சிரிக்கறா.

அதனால குச்சி சாயலை, மேகமும் இல்லை. ஆட்டுனது உங்க மக. அப்பப்ப அணைஞ்சுதுன்னு எழுதியிருந்தீங்களே, அப்பெல்லாம் அவ மூஞ்சிய வெச்சு மறைச்சிருந்தா.

இன்னொருக்கா அசையாமக் காட்டச் சொன்னா என்னால முடியாது. அவ இப்பக் கண்ணாடிய உடறதில்லை. உங்களுக்குக் கணக்கு வேணும்னா நீங்களே வந்து அவகிட்டக் கேட்டு வாங்கிக்கங்க.

காது குத்து ஆவணி ஏழு.

சென்னிமலை


ஏற்காடு
ஆடி 26

மச்சானுக்குச் சண்முகவேல் எழுதறது. நான் சொகம். அத்தை, அக்கா, பசங்க, எருமை, கருப்பண்ணன் காளை எல்லாரும் சொகமான்னு எழுதுங்க. அம்மணிக்கு எத்தனை பல்லு வந்துருக்குது? கடிக்கறாளா?

உங்க கடுதாசி வந்து ரெண்டு மாசமாச்சு. பொட்டியில வெக்கலை, சட்டைப் பையிலயே இருக்குது. மடிச்ச எடத்துல கிழிஞ்சுபோச்சு.

தையில விடியக்காலம் பாத்த நட்சத்திரத்தை இப்ப ஆடியில சாயங்காலம் பாத்தாச்சுங்க. எங்க குழாயில அது ஒரு நூலு கூட நகரலை. துரைக்கு நெம்ப வருத்தம். அது நகரலைன்னாலும் நாம நகந்துருக்கறோம், மறுபக்கம் வந்துருக்கறோம்னு சொன்னேன். அதைக் கேட்டு அவரு தேறலை. எனக்குத்தான் சித்தத் தேறுச்சு.

நேத்து லீவு கேட்டேன். எதுக்குன்னாரு. எம் மகளுக்குக் காது குத்துன்னேன். "உனக்கு மகள் இருக்கிறாளா?"ன்னு குழாயை உட்டுட்டுத் திரும்பிப் பாத்தாரு. இருக்கறாங்கன்னேன். சொல்லி முடிச்சப்பறந்தான் எங் காதுக்கே அது கேட்டுச்சு. பத்து நாள் லீவு குடுத்து, போதாதுன்னா எழுதுன்னும் சொல்லிட்டாரு.

எங்க சர்வேயில ஒரு வழக்கம் இருக்குதுங்க. வெளிச்சம் ஒரு எடத்துல நிக்காம ஆடுச்சுன்னா, தூரத்துல உக்காந்து திட்டக் கூடாது. அளக்கறவன் நேர்ல போய்ப் பாக்கோணும். ஆவணி அஞ்சாந் தேதி சேலத்துல எறங்கி, அங்கிருந்து வண்டியில வாரேன். சின்னாயி ஊட்டுப் பக்கம் வர்றப்ப ரெண்டு கண்ணையும் தொறந்தே வெச்சிருப்பேன்னு பஞ்சாயத்துக்குச் சொல்லிருங்க.

பேரு யோசிச்சு வெச்சிருக்கேன். இதுல எழுதலை. கடுதாசி அங்க வந்து சேர மூணு நாளாகும், அதுக்குள்ள அது பழைய வெளிச்சமாப் போயிரும். அவ காதுக்கு அது சுடச்சுடப் போகோணும்.

அவகிட்டருந்து கண்ணாடியப் புடுங்கிராதீங்க. வெயில்ல வாசல்ல உக்கார வெயுங்க. நான் வர்றப்ப அந்தப் புகைக்குள்ள எது நம்ம ஊடுன்னு எனக்கு அடையாளம் வேணும்.

வாரேன்.

சண்முகவேல்